வெந்நீர்த் தொட்டியில் மிதந்த எண்ணெய்

பாலைவனத்தில் குளிரும் என்று எனக்குத் தெரியாது. பௌதிகத்தில் பட்டம் வாங்கியவன் இதை ஒப்புக்கொள்வது சங்கடம்தான். வறண்ட காற்று வெப்பத்தைப் பிடித்து வைக்காது, சூரியன் இறங்கியதும் மணல் ஆறிவிடும் என்றெல்லாம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் நாற்பத்தேழாவது வயதில், டிசம்பர் மாதக் கடைசியில், கிழக்குக் கலிஃபோர்னியாவின் பாலைவனத்தில் தனியாகக் கூடாரம் போட்டுத் தங்கப் புறப்பட்டபோது நான் எடுத்துப்போனது ஒரு ஜமக்காளம், ஒரு சால்வை, இரண்டு முண்டா பனியன், ஒரு வேட்டி. பாலைவனம் என்றால் சூடு. படித்ததெல்லாம் பரீட்சைக்கு, நம்புவதெல்லாம் காலண்டர் படத்தில் பார்த்த ஒட்டகத்தை வைத்து.

இது இரண்டாயிரமாவது வருஷத்தின் கடைசி வாரம். நான் டப்ளினில் இருந்தேன். அயர்லாந்து இல்லை, கலிஃபோர்னியாவில் நம்மவர்கள் நிறைந்த டப்ளின். மனைவி கல்யாணி ஆகஸ்டிலேயே மகள் மதுவை அழைத்துக்கொண்டு நியூஜெர்ஸி போய்விட்டாள். ஈஸ்ட் பிரன்ஸ்விக் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் ஒப்பந்த வேலை கிடைத்திருந்தது. போகும்போது சண்டை ஒன்றும் இல்லை. "நீங்க இங்க வேலையை முடிச்சிட்டு வாங்க, இல்லைன்னா வேணாம்னு சொல்லுங்க, நாங்க திரும்பி வந்துடறோம்" என்றாள். நான் "யோசிக்கிறேன்" என்றேன். டிசம்பரிலும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஃபோன் வந்தது.

"இங்க பர்மனென்ட் பண்றேங்கறாங்க. டியூஸ்டே காலைல பதில் சொல்லணும். நீங்க வரீங்களா, நாங்க வரணுமா? ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

"யோசிச்சு சொல்றேன்."

"அஞ்சு மாசமா என்ன பண்ணீங்க?"

"ஆபீஸ் டென்ஷன்ல உக்காந்து யோசிக்க முடியல."

"இப்ப ஒரு வாரம் லீவுதான? இங்க வந்து யோசிங்களேன்."

நல்ல ஞானத்தோடு நான் சொன்ன பதில்: "அங்க வந்தா எப்படி யோசிக்கிறது?"

உண்மையான தயக்கத்தை அவளிடம் சொல்லவில்லை. பெண்டாட்டியின் வேலைக்குப் பின்னால் பெட்டி தூக்கிக்கொண்டு போனான் என்று தென்காசியில் நாலு பேர் சொல்வார்களே என்ற பயம்தான் அது. அந்த நாலு பேரில் இரண்டு பேர் அதற்குள் காலமாகிவிட்டிருந்தார்கள். மிச்ச இரண்டு பேருக்கு என் முகமே நினைவிருக்காது.

கூடாரம் பக்கத்து அபார்ட்மென்ட் முத்துவேலுடையது. கரூர்க்காரர், எதையும் இரவல் கொடுப்பார், கூடவே ஒரு கேள்வியும் கொடுப்பார்.

"ஏனுங்க, தனியாவா போறீங்க? எதுக்கு?"

"யோசிக்கணுங்க."

"யோசிக்கிறதுக்கு நம்ம கராஜ் பத்தாதுங்களா?"

வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பினேன். சாப்பாட்டுக்குப் புளியோதரை. கல்யாணி போகும் முன் ஃப்ரீஸரில் ஐந்து டப்பா புளிக்காய்ச்சல் செய்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஒவ்வொன்றிலும் மாதத்தின் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. வீட்டில் உப்பு, சர்க்கரை, துணி சோப்பு எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து. என் நினைவாற்றல் மேல் அவளுக்கு இருந்த மதிப்பு அது. டிசம்பர் டப்பாதான் கடைசி. ஜனவரி என்று ஒன்று இல்லை என்பதை அன்று சாதம் கிளறும்போது கவனித்தேன். கவனித்து, உப்புச் சரியாக இருக்கிறதா என்று ருசி பார்த்தேன்.

கிளம்பும்போது சமையலறை மேல்தட்டிலிருந்து எண்ணெய் பாட்டிலையும், குளிக்க ஒரு சீயக்காய்ப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டேன். பாலைக்காற்றில் தோல் வெடிக்கும் என்று எங்கேயோ படித்திருந்தேன். அந்த ஒரு பாட்டிலில் மட்டும் பெயர் ஒட்டவில்லை. மஞ்சளாக, கெட்டியாக இருந்தது, நல்லெண்ணெய்தானே.

நான் போனது ஒரு வெந்நீர் ஊற்று இருக்கும் பள்ளத்தாக்குக்கு. அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே வருஷா வருஷம் வருகிறவர்கள், யாரிடமும் பெயர் சொல்லாதே என்று என்னிடம் கேட்டுக்கொண்டார்கள். நான் அவர்களுக்குச் செய்த காரியத்துக்குப் பிறகு இந்த ஒரு மரியாதையாவது மிச்சம் இருக்கட்டும். தார் ரோடு முடிந்து ஐம்பது மைல் மண் ரோடு. அதில் மணல் அலை அலையாக இறுகிக் கிடக்கும். மெதுவாகப் போனால் கார் குலுங்கும், வேகமாகப் போனால் பல் குலுங்கும். என் கார் ஆபீஸ் பார்க்கிங்கைத் தவிர வேறு சாகசம் அறியாதது. ஒவ்வொரு மேட்டிலும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறியது.

போய்ச் சேர்ந்தபோது மாலை. கூடாரத்தைப் பிரித்தேன். நான்கு பக்கமும் சிரிக்கிற டைனோசர் படம். முத்துவேல் வீட்டுப் பையன்கள் கொல்லைப்புறத்தில் விளையாடுகிற கூடாரம், அதை அவர் சொல்ல மறந்திருந்தார். உள்ளே நீட்டிப் படுத்தால் முழங்காலுக்குக் கீழே வெளியே. அன்றிரவு கலிஃபோர்னியாவின் அத்தனை குளிரும் என் பாதத்தை விசாரித்துவிட்டுப் போனது. விடியும்போது குடிக்கிற தண்ணீர் பாட்டிலில் உறைந்திருந்தது. புளியோதரையை ஸ்பூனால் குத்தினேன், ஸ்பூன் வளைந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஊற்றைப் பார்க்கப் போனேன். பூமிக்கடியிலிருந்து வருகிற சுடுநீரைக் குழாய் வைத்து இரண்டு சிமென்ட் தொட்டிகளில் விட்டிருக்கிறார்கள். கட்டியது, கழுவுவது, பார்த்துக்கொள்வது எல்லாம் வருகிறவர்களே. ஒரு தொட்டியில் முட்டை வேகும். இன்னொன்றில் இதமான சூடு, எட்டு பேர் உட்காரலாம். ஆவிக்கு நடுவே தலைகள் தெரிந்தன. பக்கத்தில் போன பிறகுதான் புரிந்தது, தலைக்குக் கீழே எவர் மேலும் ஒரு துணி கிடையாது.

நான் நாலு முழ வேட்டியோடு இறங்கினேன். வேட்டி தண்ணீரில் உப்பி மேலே வந்து என்னைச் சுற்றிக் குடை மாதிரி மிதந்தது. அதை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு மரியாதையாக மலையைப் பார்த்தார்கள். அத்தனை நிர்வாணத்துக்கு நடுவில் ஆபாசமாக இருந்தது நான் ஒருவன்தான்.

பெயர் கேட்டார்கள். நெல்லையப்பன் என்றேன். இரண்டு முயற்சிக்குப் பிறகு 'நெல்லி' என்று முடிவானது. அது அங்கே கிழவிகளுக்கு வைக்கிற பெயராம்.

என் எதிரே எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள், டோரிஸ். பக்கத்தில் அவள் கணவர் வால்ட். அவருக்குக் கைகால் நடுங்கும் வியாதி. உடம்பு முழுக்க மரக்கட்டையாக இறுகிப்போய் இருந்தது. மனைவியும் ஒரு தாடிக்காரருமாகத் தூக்கித்தான் இறக்கியிருந்தார்கள். கால்மணி நேரத்தில் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அப்புறம் அவரே டோரிஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காலையில் இந்தச் சூட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அன்றைக்கு மதியம் வரை அவரால் கரண்டி பிடிக்க முடியும். முப்பது வருஷமாக வருகிறோம். முதலில் சந்தோஷத்துக்கு வந்தோம்" என்றாள் டோரிஸ். "நீ தனியாகவா வந்திருக்கிறாய்? மனைவி?"

"நியூஜெர்ஸியில்."

"ஐயோ பாவம்" என்றாள், வியாதியின் பெயரைக் கேட்ட மாதிரி.

பகல் முழுக்க யோசித்தேன். அதாவது ஒரு பாறைமேல் உட்கார்ந்து யோசிக்கிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். பாலைவனத்தில் உட்கார்ந்தால் மனசு தெளியும் என்று எத்தனையோ புத்தகங்களில் இருக்கிறது. எழுதினவர்கள் கம்பளி கொண்டுபோயிருப்பார்கள். என் மனசில் வந்தது இரண்டே விஷயம்: பாதம், சூடான காபி.

சனிக்கிழமை விடிந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்தப் பயணத்தில் வந்த ஒரே யோசனை.

சனிக்கிழமை. தொட்டி நிறைய வெந்நீர். கையில் எண்ணெய்.

நான் தென்காசிக்காரன் என்பதை இங்கே சொல்லிக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கம் குற்றாலத்தில் சீசன் வந்தால் அருவிக்கரையில் மசாஜ்காரர்கள் எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்பார்கள். உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் வழியப் போய் அருவியில் நிற்பதுதான் குளியல். தண்ணீர் இருக்கிற இடத்துக்கு எண்ணெயில்லாமல் போகிறவன் வெளியூர்க்காரன். டப்ளினிலும் சனிக்கிழமை தோறும் கல்யாணி எண்ணெயில் சீரகம் போட்டுக் காய்ச்சித் தருவாள். ஆகஸ்டுக்குப் பிறகு எனக்குக் காய்ச்சத் தோன்றவில்லை. காய்ச்சினால் யாராவது முதுகில் தேய்க்க வேண்டும்.

யாரும் எழுந்திருக்கவில்லை. எண்ணெய் வழக்கத்தைவிடப் பிசுபிசுப்பாக இருந்தது, குளிர் என்று நினைத்தேன். ஒரு மாதிரி வாடை அடித்தது, பழசு என்று நினைத்தேன். முக்கால் பாட்டிலைத் தலையில் வைத்து உடம்பெல்லாம் தேய்த்து இருபது நிமிஷம் ஊறினேன். தொட்டி ஓரத்தில் ஒரு பலகையில் விதிகள் எழுதியிருந்தன. சோப்புக் கூடாது, கண்ணாடிப் பொருள் கூடாது. கவனமாகப் படித்தேன். பாட்டில் பிளாஸ்டிக். சீயக்காய் சோப்பு இல்லை. சாஃப்ட்வேர் டெஸ்டிங் துறையில் பதினைந்து வருஷ அனுபவம் உள்ளவன், விதியில் இருக்கிற ஓட்டை கண்ணுக்குப் படாமல் போகுமா? சீயக்காய்ப் பொட்டலத்தோடு இறங்கினேன்.

ஐந்து மாதத்தில் முதல் தடவையாக உடம்பு லேசானது. கழுத்து வரை வெந்நீர், மேலே பனி மலை, கண்ணில் சீயக்காய். அந்தப் பத்து நிமிஷம் நான் நன்றாக இருந்தேன். அதைச் சொல்லாவிட்டால் மற்றதைச் சொல்வது நியாயமாகாது.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், தொட்டியைச் சுற்றி ஏழெட்டு பேர் துணியில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். தண்ணீர் பழுப்பாக இருந்தது. மேலே வானவில் நிறத்தில் படலம். சிமென்ட் சுவரில் வட்டமாக ஒரு கறை. கோபமாக இருக்கிற மனிதனை நிர்வாணமாகப் பார்ப்பது போலக் கொடுமை வேறில்லை, எங்கே பார்த்து மன்னிப்புக் கேட்பது?

"என்ன இது? சோப்பா?" என்றார் தாடிக்காரர்.

"சோப்பு இல்லை. சோப்புக்கு மாற்று" என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"மொத்தத் தண்ணீரையும் திறந்துவிடணும். கழுவணும். திரும்ப நிறைய சாயந்தரம் ஆகும்."

டோரிஸ் அப்போதுதான் வால்ட்டை நடத்திக்கொண்டு வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். அவரைத் திருப்பி மெதுவாக வண்டிக்கு அழைத்துப் போனாள். இருபதடி தூரத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை நான் தொட்டிக்குள் நின்றபடி முழுசாகப் பார்த்தேன்.

அன்றைக்கு மதியம் வரை தொட்டியைத் தேய்த்தேன். சாதாரண எண்ணெய் போகிற மாதிரி அது போகவில்லை, பசை மாதிரி ஒட்டியிருந்தது. பதினோரு மணிக்கு டோரிஸ் ஒரு பிரஷோடு இறங்கினாள்.

"நீங்கள் எதற்கு?"

"நீ தேய்க்கிற வேகத்துக்கு ஈஸ்டர் வந்துவிடும்." கொஞ்ச நேரம் தேய்த்தாள். "இங்கே எதற்கு வந்தாய், நெல்லி? குளிக்க இல்லை என்று தெரிகிறது."

சொன்னேன். ஈஸ்ட் பிரன்ஸ்விக், பர்மனென்ட் வேலை, ஞாயிற்றுக்கிழமை கெடு, எல்லாம்.

"உன் மனைவி கேட்டது என்ன? சரியாக அவள் சொன்ன மாதிரியே சொல்லு."

"நீங்கள் வருகிறீர்களா, நாங்கள் வர வேண்டுமா."

"இரண்டில் எதைச் சொன்னாலும் நீங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருப்பீர்கள். அப்படித்தானே?"

"ஆமாம்."

"பிறகு எதை யோசிக்கிறாய்?"

ஐந்து மாதமாக அந்தக் கேள்வியில் நான் தப்பான பதில் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். அதில் தப்பான பதிலே வைக்கப்படவில்லை. பிரஷைக் கீழே வைத்துவிட்டு நின்றேன்.

"மூலையில் இன்னும் இருக்கிறது, பார்" என்றாள் டோரிஸ்.

ஞாயிறு காலை எல்லோரும் எழுமுன் டைனோசர்களைச் சுருட்டினேன். மண் ரோட்டைத் தாண்டி முதல் ஊருக்குப் போனால் ஃபோன். மதியத்துக்குள் பேசிவிடலாம். என்ன சொல்வது என்று ஒத்திகைகூடப் பார்த்தேன்: "நான் வரேன்." இரண்டே வார்த்தை. சொல்லிச் சொல்லிப் பார்த்ததில் கார் எதன்மேல் ஏறியது என்று கவனிக்கவில்லை.

இருபத்தைந்தாவது மைலில் டயர் பஞ்சர். பதறவில்லை, ஸ்டெப்னி இருக்கிறது. எடுத்து மாட்டினேன், அது அப்படியே கீழே உட்கார்ந்தது. கார் வாங்கி ஆறு வருஷம், அதில் காற்று இருக்கிறதா என்று ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஊரார் சாஃப்ட்வேரையெல்லாம் சோதித்துப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன்.

இரண்டு பக்கமும் இருபத்தைந்து மைல். வருஷக் கடைசி நாள், வெந்நீரை விட்டுவிட்டு எவனும் அந்த ரோட்டில் வரமாட்டான். வரவில்லை. காரிலேயே உட்கார்ந்து புளியோதரையின் கடைசிக் கட்டியை மடியில் வைத்துக் கரைத்துச் சாப்பிட்டேன். நியூஜெர்ஸி மூன்று மணி நேரம் முந்தியது. இங்கே இருட்டு நன்றாக இறங்கியபோது அங்கே ஞாயிற்றுக்கிழமை முடிந்துகொண்டிருந்தது. கார் கடிகாரத்தோடு மூன்றைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். ஒன்பது ஆனபோது கூட்டுவதை நிறுத்தினேன்.

திங்கள் காலை ஒரு பிக்கப் வண்டி வந்தது. டோரிஸ் ஓட்டினாள்.

"நாங்கள் நேற்றே கிளம்பியிருக்க வேண்டியவர்கள். சனிக்கிழமைக் குளியல் போய்விட்டதே, அதனால் வால்ட்டுக்காக ஒரு நாள் கூடுதலாக இருந்தோம்" என்றாள்.

இதை நான் அந்த வண்டிக்குள் பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன், அதற்குப் பிறகும். நான் எண்ணெய் தேய்க்காமல் இருந்திருந்தால் அவர்கள் ஞாயிறன்றே கிளம்பியிருப்பார்கள். ஞாயிறன்றே என்னைப் பார்த்திருப்பார்கள். நான் ஞாயிறன்றே பேசியிருப்பேன்.

மூன்று பேரும் முன்சீட்டில். நடுவில் நான். வால்ட்டின் முழங்கை என் விலாவில் நடுங்கிக்கொண்டே வந்தது. அவர் அதுவரை என்னோடு பேசியதில்லை. பாதி வழியில் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்: "உன்மேல் நல்ல வாசனை இல்லை."

பெட்ரோல் பங்க்கில் ஃபோன். காலிங் கார்டு எண்ணை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மது எடுத்தாள்.

"அப்பா? ஹாப்பி நியூ இயர். வேர் ஆர் யூ?"

"பாலைவனத்துல. கேம்பிங்."

"ஆன் பர்பஸ்?" என்று கேட்டுவிட்டு ஃபோனை அம்மாவிடம் கொடுத்தாள்.

"சொல்லுங்க."

"நான் வரேன்."

அந்தப் பக்கம் டி.வி. சத்தத்தைக் குறைத்தாள்.

"எங்க?"

"அங்கதான். நியூஜெர்ஸிக்கு. நாளைக்கு ஆபீஸ்ல சரின்னு சொல்லிடு."

"ஆபீஸ்ல நவம்பர்லயே சொல்லிட்டேன்."

"அப்ப எதுக்கு ஞாயித்துக்கிழமைன்னே?"

"அது ஆபீஸுக்கு இல்லைங்க."

பஞ்சரைச் சொன்னேன். ஸ்டெப்னியைச் சொன்னேன். ஒரு நாள் முழுக்க ரோட்டில் கிடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"உங்களுக்கு எப்பவும் ஏதாவது ஒரு டயர் இருக்கும்" என்றாள். "நேத்து பன்னெண்டு மணி வரைக்கும் நானும் மதுவும் ஃபோன் பக்கத்துலயே உக்காந்திருந்தோம். இப்ப அவசரப்பட்டு வர வேணாம். ஸ்கூல் முடியட்டும், ஜூன்ல பாக்கலாம்."

ஜூன் வந்தது. அதற்குள் என் ஆபீஸில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பாதியில் நான் இருந்தேன். இப்போது வருகிறேன் என்றால் வேலை போனதால் வருகிறான் என்றாகும். அதனால் யோசிக்கிறேன் என்றேன். இந்தத் தடவை அவள் கெடு எதுவும் வைக்கவில்லை.

இந்த வருஷம் தீபாவளிக்கு ஈஸ்ட் பிரன்ஸ்விக் போயிருந்தேன். விருந்தாளியாக. ஹால் சோபாவில் படுக்கை, தலைமாட்டில் புதுத் துண்டு மடித்து வைத்திருந்தது. காலையில் கல்யாணி எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து டீப்பாயில் வைத்தாள். உள்ளே சீரகம் பொரிந்திருந்தது. முதுகு பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

எதையாவது பேச வேண்டுமே என்று தொட்டிக் கதையைச் சொன்னேன். வேட்டி குடையாக மிதந்ததற்கு மது சோபாவில் உருண்டு சிரித்தாள். "அப்பா, யூ ஆர் லைக் அன் ஆயில் ஸ்பில்" என்றாள். உற்சாகத்தில் கறை போகாமல் பசையாக ஒட்டியதை, வாடை அடித்ததை எல்லாம் விவரித்தேன். கல்யாணி சிரிக்கவில்லை.

"எந்த பாட்டில்?"

"மேல் தட்டுல இருந்ததே. பேர் ஒட்டாதது."

அவள் கிண்ணத்தை என் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

"அது நாலு எண்ணெய் கலந்து விளக்குக்கு ஊத்தறது. ஒரு வீட்ல இருக்கறவருக்கு, சாமி விளக்கு எண்ணெய்னு எழுதியா ஒட்டணும்?"